பல் 11, குளிர்: ஆம்

"செவ்வாய், காலை 10.20. நோயாளி 6. பல் 11. குளிர்: ஆம். மூன்று முறை கேட்டதில் மூன்று முறையும் ஆம்."

ஆய்வகக் குறிப்பேட்டில் இந்த வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. வரியின் மேல் நேராக ஒரே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் என் சுருக்கொப்பமும் அதற்கடுத்த திங்கட்கிழமையின் தேதியும் இருக்கும். அடித்த வரியைப் பிறகு வருகிறவர் வாசிக்க முடிய வேண்டும் என்பது எங்கள் ஆய்வக விதி. அதனால் ஒரு கோட்டுக்கு மேல் போடக்கூடாது. அடித்த காரணத்தையும் எழுத வேண்டும். நான் எழுதிய காரணம் இரண்டே சொற்கள்: "கேட்ட முறை."

சென்ற மாதம் நஸீரா ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள் அவள். பழைய குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகக் கணினியில் ஏற்றும் வேலையை இப்போது அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"கலாக்கா, பேஷண்ட் சிக்ஸ் பேஜ்ல ஒரு லைன் அடிச்சிருக்கு. உங்க இனிஷியல்தான். கேட்ட முறைன்னா என்னக்கா? சிஸ்டம்ல ரீசன் போடாம சப்மிட் பண்ண முடியல லா."

தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, "அக்கா, இதெல்லாம் ஒரு பாக்ஸ்ல அடங்காது. எழுதியே குடுத்துடுங்க" என்றாள். செங்காங்கில் உள்ள என் வீட்டில் எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. நாட்குறிப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. ஆண்டுகளை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். நோயாளிகள் சிலரே என்பதால், ஆண்டு தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும். ஆறாவது நோயாளியின் பெயரையும் மாற்றிப் பாண்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலதொழில் கல்லூரியில் டிப்ளோமா, பிறகு ஒரு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நீண்ட காலம். அங்கே வேலை இயந்திரங்களுக்குப் போன பிறகு பல் ஆய்வகம் ஒன்றில் செல் வளர்க்கும் பிரிவில் சேர்ந்தேன். அடிபட்டு இறந்துபோன பல்லுக்குள், அந்த மனிதரின் இன்னொரு பல்லிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வைத்துப் புதிய திசு வளர்கிறதா என்று பார்ப்பது அங்கே நடந்த ஆய்வு. பல்லுக்குள் திசுவா என்று கேட்பவர்கள் உண்டு. எனாமலுக்கும் அதன் அடியில் உள்ள எலும்பு போன்ற பகுதிக்கும் உள்ளே ஒரு குழி இருக்கிறது. அதில் ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த பற்கூழ் இருக்கிறது. பல் கூசுவது அதனால்தான். அது இறந்தால் பல் மெல்லக் கறுக்கும், வேர் நுனியில் சீழ் பிடிக்கும். வழக்கமான சிகிச்சையில் குழியைச் சுத்தம் செய்து ரப்பர் போன்ற ஒரு பொருளை அடைப்பார்கள். பல் நிற்கும், ஆனால் உணர்வு இராது.

ஆய்வுக்குத் தலைவர் டாக்டர் கோ. என்னைவிட நான்கு வயது மூத்த சீனப் பெண்மணி. ஆய்வகத்துக்கு வந்தால் உட்காரமாட்டார். குறிப்பேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாசிப்பார். "முன்னாலிருந்து வாசித்தால் நானும் உங்களோடு சேர்ந்து நம்பத் தொடங்கிவிடுவேன்" என்று ஒருமுறை காரணம் சொன்னார். "நன்றாக வளர்கிறது" என்று எழுதினால் விரலை அந்த இடத்தில் வைத்து, "நன்றாக என்றால் எத்தனை?" என்பார். எல்லாவற்றையும்விட அவர் அதிகம் கேட்ட கேள்வி, "யார் பார்த்தது?" என்பது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிறந்தநாள் கேக் வெட்டும்போதும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். பிடுங்கிய ஞானப்பல், பனிக்கட்டிப் பெட்டிக்குள், ஊட்டத் திரவம் நிரப்பிய குப்பியில் வரும். வந்த நிமிடத்தை எழுதுவோம். பல்லைச் சுற்றிலும் மெல்லிய வெட்டுக்கோடு போட்டு உளியால் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். உள்ளே பற்கூழ், நனைந்த நூல் துண்டு போல, இளஞ்சிவப்பாக இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள், "இவ்வளவுதானா?" என்பார்கள். அதைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி, நொதியில் ஊறவைத்து, வடிகட்டி, ஃபிளாஸ்க்கில் போட்டு, உடல் சூட்டில் உள்ள இன்குபேட்டரில் வைப்போம். ஒருவருடைய செல் மேசையில் இருக்கும்போது இன்னொருவருடையது குளிர்பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது. நான் லேபிளை உரக்க வாசிப்பேன், இன்னொருவர் பதிவேட்டைப் பார்த்து உரக்க வாசிப்பார். பிறகுதான் மூடியைத் திறப்போம்.

முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் நுண்ணோக்கியின் கீழே, ஒட்டிக்கொண்ட செல்கள் வால் நீட்டிப் படுத்திருக்கும். அவை பெருகி ஃபிளாஸ்க்கின் அடியை மூடுவதற்குள் பிரித்து வேறு ஃபிளாஸ்க்குகளுக்கு மாற்ற வேண்டும். கிருமி இல்லை என்று உறுதியான பிறகு, கூழ் போன்ற ஒரு பொருளில் கலந்து மருத்துவரிடம் கொடுப்போம். அவர் இறந்த பல்லைச் சுத்தம் செய்து, உள்ளே அதை வைத்து மூடுவார். அதற்குமேல் எங்களுக்கு வேலையில்லை, காத்திருப்பதைத் தவிர.

பாண்டி துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் சாரம் கட்டும் வேலை செய்தார். புதுக்கோட்டைப் பக்கம். அப்போது இருபத்தாறு வயது. தொங்கிக்கொண்டிருந்த சங்கிலிக் கொக்கி ஆடி வந்து வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டில், அவருடைய வலக்கைப் பக்கம் இருப்பது இறந்துவிட்டது. அதற்குத்தான் எண் 11. அடுத்ததற்கு 21, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே ஒரு ஞானப்பல் கோணலாக முளைத்து எப்படியும் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் முதல் நாளே வரவில்லை. டாக்டர் கோ என்னைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து பாண்டி வரும் நாட்களில் மொழிபெயர்ப்பு என் வேலையாயிற்று.

பல்லில் செல் வைத்த பிறகு முதல் பரிசோதனை மூன்றாம் மாதம். பல்லைத் துடைத்துக் காயவைத்து, குளிரூட்டிய பஞ்சுருண்டையைச் சில நொடி வைப்பார்கள். உயிருள்ள பல் என்றால் சுரீர் என்று இருக்கும். டாக்டர் கோ பஞ்சை வைத்தார்.

"தெரியுதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லைக்கா."

டாக்டர் கோ தலையசைத்துவிட்டுப் பேனாவை மூடினார். அவ்வளவுதான்.

ஆறாம் மாதம், மேலே எழுதியிருக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமை, மீண்டும் பஞ்சு. மீண்டும் கேட்டேன். "ஆமாக்கா." கொஞ்சம் இடைவெளிவிட்டு இன்னொரு முறை. "ஆமா." மூன்றாவது முறை நான் கேட்டு முடிக்கும் முன்பே, "ஆமாக்கா, தெரியுது."

முதல் ஐந்து பேரில் யாருக்கும் இந்தப் பதில் வரவில்லை. செய்தி எனக்கு முன்பே மாடியில் இருந்த ஆய்வகத்துக்குப் போய்விட்டது. யாரோ எல்லாருக்கும் கறிபஃப் வாங்கி வந்தார்கள். டாக்டர் கோவின் முகத்தில் மாற்றமில்லை. ஆனால் தனக்கு வைத்திருந்த கறிபஃப்பை அன்று நின்றுகொண்டே முழுவதும் தின்றார். அதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பதிலை வைத்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பாண்டிக்கு ஒப்பந்தம் முடிகிறது. நான்கு வாரத்தில் ஊருக்குப் போகிறார். பல்லுக்கு உயிர் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் போவதற்கு முன் திறந்து, வளர்ந்தது எதுவானாலும் எடுத்துவிட்டு, வழக்கமான முறையில் அடைத்துவிட வேண்டும். இறந்த பல்லை உயிருள்ளது என்று நம்பி அனுப்பிவிட்டால், வேரில் சீழ் பிடிப்பது வலி வரும்வரை தெரியாது. பிறகு பல்லையே எடுக்க நேரலாம். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் இருந்த சீழின் நிழல் சற்றுச் சிறுத்தது போல இருந்தது. அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. "ஆம்" என்று நான் எழுதிய வரியை நம்பி, திறப்பதற்குக் குறித்திருந்த நாளை ரத்து செய்தார்கள்.

அந்த ஞாயிறு பிற்பகல் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்க இடம் இராது. உணவங்காடியில் ஓரமாக ஒரு மேசையில் பாண்டியும் அவருடன் வேலை செய்யும் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் பாண்டி எழுந்துவிட்டார். அந்த நண்பருக்கு வாய் சும்மா இராது.

"இவங்கதானாடா உன் பல்லுக்குத் தண்ணி ஊத்தி வளத்தவங்க? உக்காருங்கக்கா. ஊருல ஒரு வேப்பங்கன்னு வச்சான், அது பட்டுப்போச்சு. இங்க பல்லு துளிர்க்குதாம்."

"சும்மா இருடா" என்றார் பாண்டி.

பாண்டியின் முன் ஐஸ் மைலோ இருந்தது. குடித்து முடித்து, அடியில் கிடந்த பனிக்கட்டியை வாயில் கவிழ்த்து, முன்பல்லாலேயே கடித்தார். மூன்று துண்டு. நான் எண்ணினேன்.

"கூசலையாப்பா?"

"அதெல்லாம் இவனுக்குக் கூசாதுக்கா" என்றார் நண்பர். "போன மாசம் ஐஸ்கட்டிய நறநறன்னு கடிச்சு எங்க எல்லாருக்கும் பல்லு கூசுச்சு."

பாண்டி கோப்பையைக் கீழே வைத்தார்.

"இடது பக்கமாத்தான் கடிப்பேன்" என்றார். பிறகு அதையும் விட்டுவிட்டு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பல்லுல சுத்தமா தெரியலன்னும் சொல்ல முடியல. ஏதோ தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா போன தடவ இல்லைன்னு சொன்னேன்ல? அந்த டாக்டரம்மா ஒண்ணுமே சொல்லல. பேனாவ மூடிட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. லீவு எழுதிக் குடுத்து, வண்டி அனுப்பி, இத்தன பேரு பாத்துப் பாத்துச் செய்றாங்க. மறுபடியும் எப்படிக்கா மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்றது?"

"மூணு தடவ கேட்டேனே."

"மூணு தடவ கேட்டீங்க. அதுலயே தெரிஞ்சுதுக்கா, எது வரணும்னு."

காய்கறி வாங்காமல் ரயிலேறினேன். ஒரு வீட்டில் விருந்துக்குப் போனால், பரிமாறுகிறவர், "குழம்பு நல்லாயிருக்கா?" என்று கேட்பார். அதற்கு நம்மிடையே ஒரு பதில்தான் உண்டு. நான் அந்தத் தொனியில்தான் கேட்டிருக்கிறேன். அதுவும் பஞ்சு பல்லில் இருக்கும்போது மட்டும். பஞ்சு வைக்காமல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வேறு மொழிக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் பாண்டிக்கு இந்தத் தயக்கம் குறைவாக இருந்திருக்கலாம். "அக்கா" என்று கூப்பிட்டவரிடம் ஏமாற்றமான பதிலைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பழைய மருத்துவப் பதிவுகளை வாசிப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். "நோயாளி நலமடைந்ததாகக் கூறினார்" என்று அவற்றில் எத்தனையோ இடத்தில் வரும். யாரிடம் கூறினார், கேட்டவர் யார் என்று இருக்காது. அதை நான் குறை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

திங்கள் காலை டாக்டர் கோவிடம் சொன்னேன். அந்த வாரம் ஆய்வின் ஆண்டறிக்கை போக வேண்டியிருந்தது. முதல் பக்கத்திலேயே நோயாளி ஆறு இருந்தார். டாக்டர் கோ குறிப்பேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, "யார் பார்த்தது?" என்று கேட்டார்.

"யாரும் பார்க்கவில்லை. நான் கேட்டேன். அவர் சொன்னார்."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் கோட்டைப் போட்டேன்.

"மறுபடி செய்வோம்" என்றார். "அவரிடம் சொல், இல்லை என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம் என்று."

"அப்படிச் சொன்னால் டாக்டர், அவர் இல்லை என்றுதான் சொல்வார்."

டாக்டர் கோ சிரித்தார். பதினோரு ஆண்டு அவரோடு வேலை பார்த்ததில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது. பிறகு ஒரு தாளை எடுத்து, நின்றபடியே புதிய முறையை எழுதினார்.

வியாழக்கிழமை நடந்தது. பாண்டியின் கண்ணைத் துணியால் மூடினோம். ஐந்து குளிர்ந்த பஞ்சு, ஐந்து சாதாரணப் பஞ்சு. எது எப்போது என்பதைப் பக்கத்து அறையில் இருந்த ஒருவர் முன்பே எழுதி உறையில் வைத்திருந்தார். அதன் பிரதி, பஞ்சை எடுத்துக் கொடுத்தவரிடம் மட்டும் இருந்தது. டாக்டர் கோவின் கையில் தடித்த கையுறை, அவருக்கே குளிர் தெரியாதபடி. பாண்டி வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் திரைக்கு வெளியே நின்றேன். முன்கூட்டியே ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னார்கள்: எப்போது அழுத்த வேண்டும் என்று எனக்கோ டாக்டர் கோவுக்கோ தெரியாது.

"நெசமாவே தெரியாதாக்கா?"

"நெசமாவே தெரியாது."

"அப்ப சரி" என்றார். உடம்பு தளர்ந்து நாற்காலியில் சாய்ந்ததைத் திரையை இழுக்கும் முன் பார்த்தேன்.

முதலில் 21, நல்ல பல். குளிர் ஐந்துக்கும் அழுத்தினார், மற்ற ஐந்துக்கு அழுத்தவில்லை. பிறகு 11. உறையைப் பிரித்து ஒப்பிட்டதில், குளிர் ஐந்தில் மூன்றுக்கு அழுத்தியிருந்தார். சாதாரணப் பஞ்சு ஐந்தில் ஒன்றுக்கு அழுத்தியிருந்தார்.

அறையில் இருந்த இளைய மருத்துவர், "மூன்றுக்கு ஒன்று, டாக்டர். ஆம் என்று எழுதலாமே" என்றார்.

"இந்த அளவு தற்செயலாகவும் வரும்" என்றார் டாக்டர் கோ. "இது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை."

கண்கட்டை அவிழ்த்து, நடந்ததை முழுவதும் பாண்டியிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். உள்ளே ஏதோ திசு இருக்கிறது. அது உண்மையான பற்கூழா, வெறும் புண் ஆறிய தழும்பு போன்ற திசுவா என்பது திறந்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எடுத்துவிட்டால் பிறகு அது இல்லை. இப்போதே அடைத்துவிட்டால் பத்திரம். அப்படியே விட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதுக்கா."

நான் மொழிபெயர்ப்பதற்குள் டாக்டர் கோவுக்குப் புரிந்துவிட்டது. "அதை மட்டும் எழுதமாட்டேன் என்று சொல்" என்றார். பிறகு, அதுவரை நான் பார்த்திராதபடி, சக்கர முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பாண்டி மேலே விளக்கைப் பார்த்தபடி கேட்டார்.

"அக்கா, உள்ள இருக்கிறது என்னோடதுதானே?"

"உன்னோடதுதான். உன் ஞானப்பல்லுல இருந்து எடுத்தது. நான்தான் வளத்தேன்."

"லேபிளு மாறலயே?"

"மாறல."

"அப்ப இருக்கட்டும். காசியப்பா டாக்டருன்னு எங்க ஊருல ஒருத்தரு இருக்காரு. படம் எடுத்துப் பாத்துக்கறேன். வலிச்சா அடைச்சுக்கறேன். மொதல்லயே தோண்டி எறிய வேணாம்."

டாக்டர் கோ ஊர் மருத்துவருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆண்டறிக்கையில் நோயாளி ஆறு முதல் பக்கத்திலிருந்து பின்னால் போனார். அவருக்கு நேரே, "உறுதியாகவில்லை" என்று இருந்தது. கறிபஃப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அடுத்து வந்த நோயாளிகள் எல்லாருக்கும் கண்கட்டும் பொத்தானும் உறையும் வழக்கமாயின. இன்றும் அப்படித்தான் என்று நஸீரா சொல்கிறாள். ஏன் அப்படி என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

பாண்டி இரண்டு எக்ஸ்ரே படங்கள் அனுப்பினார். இரண்டிலும் நிழல் வளரவில்லை. பிறகு படம் வருவது நின்றுவிட்டது. சில ஆண்டுகளில் நானும் ஓய்வு பெற்றேன்.

நஸீராவுக்கு இதை எழுத உட்கார்ந்தபோது, பழைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டுப் பார்த்தேன். மறுநாள் குரல் பதிவு வந்தது. பின்னால் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, நல்லாருக்கீங்களா? பல்லு அப்படியே இருக்குக்கா. கறுக்கவும் இல்ல, வலிக்கவும் இல்ல. ஒண்ணு சொல்லணும். போன வாரம் பாப்பாவோட குச்சி ஐஸைக் கடிச்சேன். முன்பல்லுல சுரீர்னு இழுத்துச்சு. சத்தியமா உங்களுக்காகச் சொல்லலக்கா."

அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். முன்பல் இரண்டு. ஒன்று எப்போதும் கூசும் பல்தான். எது என்று கேட்க வேண்டும். எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்பது தெரியாதபடி கேட்க வேண்டும். நான்கு முறை எழுதி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினேன்: "எந்தக் கைப் பக்கத்துப் பல்லு?"

வெள்ளி, காலை 9.05க்கு அனுப்பியது. அவர் வாசித்ததைக் காட்டும் நீலக்குறி 9.12க்கு விழுந்தது. இன்று செவ்வாய். இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை. எனவே நஸீரா, காரணப் பெட்டியில் "கேட்ட முறை" என்றே இருக்கட்டும். அதன் கீழே இந்த வரியைச் சேர்த்துக்கொள்:

பல் 11, குளிர்: நோயாளி தாமாகச் சொன்னது. எந்தப் பல் என்பது சரிபார்க்கப்படவில்லை.